கைக்குழந்தையோடு தெரபிக்குப் போன அனுபவம்

"நாலு மாசம்கூட ஆகலை, அதுக்கு எதுக்கு மனநல சிகிச்சை?" என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பெற்றோரையும் குழந்தையையும் சேர்த்தே பார்க்கும் மனநல சிகிச்சை அது. பரிந்துரைச் சீட்டில் நோயாளி என்ற இடத்தில் மகளின் பெயர் இருந்ததைப் பார்த்தபோது எனக்கும் அதே கேள்விதான்.

ஆரம்பித்தது தடுப்பூசி போடப் போன இடத்தில். சிஸ்டர் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். கடந்த 7 நாட்களில் மனம் எப்படி இருந்தது என்று 10 கேள்விகள். எடின்பரோ அளவுகோல் என்பார்கள். 1987-இல் வந்தது, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பல நாடுகளில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மதிப்பெண் கூடினால் மனச்சோர்வு இருக்கலாம் என்று அர்த்தம். எனக்குக் கூடுதலாகத்தான் வந்தது. ஆனால் சிஸ்டர் தாளைவிட எங்களைத்தான் அதிகம் கவனித்துக்கொண்டிருந்தார். ஊசி போட்டதும் மகள் வீறிட்டாள். நான் தூக்கினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பி ட்யூப்லைட்டையே பார்த்துக்கொண்டு அழுதாள். "வீட்லயும் இப்படித்தான் திரும்பிக்கிறாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஒரு கேள்வியில்தான் பரிந்துரை கிடைத்தது.

அப்புறம் காத்திருப்பு. அரசு மருத்துவ சேவை, கட்டணம் இல்லை, வரிசை இருக்கத்தானே செய்யும் என்று பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளலாம். நான்கு மாதக் குழந்தைக்கு இரண்டு மாதம் என்பது அது வாழ்ந்த வாழ்க்கையில் பாதி! இதை அந்த அலுவலகத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: யாராவது வராமல்போனால் அந்த நேரத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்களுக்கு அப்படித்தான் சீக்கிரம் கிடைத்தது. இன்னொன்று, அந்தத் தாளின் 10-ஆவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு பதில் வந்தால், அல்லது குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயம் வந்தால், இந்த வரிசையில் நிற்கக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அறையில் சோபா இருந்தும் தெரபிஸ்ட் தரையில் விரித்திருந்த பாயில்தான் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன், மகளை நடுவில் படுக்க வைத்தோம். எப்படித் தூக்க வேண்டும், எப்படித் தூங்க வைக்க வேண்டும் என்று ஏதாவது சொல்லித் தருவார் என்று நோட்டுப் புத்தகம் எடுத்துப் போயிருந்தேன். ஒன்றுமே சொல்லவில்லை. நிறையப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. மகள் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பியதும், குனிந்து அவளிடமே பேசினார்: "அம்மா முகத்தைப் பாக்குறது இப்போ கஷ்டமா இருக்கு, இல்லையா? ஜன்னல் பக்கம் கொஞ்சம் இளைப்பாறிட்டு வரலாம்னு போற." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மகள் அந்தக் குரலுக்குத் திரும்பி, அவரைப் பார்த்தாள், பிறகு ஒரு நொடி என்னையும்.

அவள் என்னை வெறுக்கிறாள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். 1970-களில் எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் செய்த சோதனையைப் பற்றிப் பின்னால் படித்தேன். அம்மா சில நிமிடம் முகத்தில் சலனமே இல்லாமல் இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். எதுவும் பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாங்க முடியாததிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அதற்குத் தெரிந்த வழி அது.

வாரம் ஒரு முறை போனோம். கணவர் விடுப்பு கிடைத்தபோதெல்லாம் வந்தார். குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு நிம்மதியாகப் பேசிவிட்டு வரலாமே என்று அம்மா சொன்னார். அது நடக்காது, குழந்தை அங்கே இருக்க வேண்டும். பால் குடிப்பது, தூங்குவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் அங்கேயேதான், பேச்சுக்கு நடுவில். தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போட்டு அழைத்துப் போகாதீர்கள், தூங்கினால் தூங்கட்டும்.

ஒரு நாள் அவள் விடாமல் அழுதாள். நான் தட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். "இந்த அழுகையைக் கேட்டா உங்களுக்கு யார் ஞாபகம் வருது?" என்றார் தெரபிஸ்ட். யாருமில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி என்றேன். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது ரொம்ப உடம்பு சரியில்லாமல் போனது. ராத்திரி அவன் அழுதால் அம்மா எழுந்துவிடக் கூடாது என்று அவன் வாயருகே முகத்தை வைத்து 'ஷ்ஷ்' என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். எனக்கு ஆறு வயது இருக்கும். அவன் பிழைத்துக்கொண்டான், இப்போது என்னைவிட உயரம். அதையெல்லாம் மறந்தே போயிருந்தேன்.

பெற்றோரின் மறந்துபோன பழைய காலம் பேயாக வந்து குழந்தையின் அறையில் குடியேறிவிடுகிறது என்று 1975-இல் அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் செல்மா ஃப்ரைபர்க்கும் அவருடைய சக ஊழியர்களும் எழுதினார்கள். இந்தச் சிகிச்சை முறைக்கு வேர் அங்கேதான். ஃப்ரைபர்க் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். வர முடியாத குடும்பங்களின் வீட்டுக்கே போய், சமையலறையில் உட்கார்ந்து சிகிச்சை செய்தார்கள். பேய் என்றதும் சிரிப்புதான் வந்தது. ஆனால் அன்றைக்கு அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம் என்பது உண்மை. தெரபிஸ்ட் மகளிடம், "நீ அழுதா அம்மாவுக்கு மாமா அழறதும் சேர்ந்து கேக்குது. ரெண்டு பேர் அழுகை. அதான் பயந்துடுறாங்க" என்றார். குழந்தைக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்காதீர்கள். எனக்குப் புரிந்தது.

ஒரே நாளில் மாறிவிடவில்லை. மனச்சோர்வுக்குத் தனியாக டாக்டரைப் பார்த்து மாத்திரையும் எடுத்துக்கொண்டேன், அதையும் சொல்லியாக வேண்டும். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் இந்தச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. குழந்தைக்குப் பெற்றோரிடம் பாதுகாப்பான பிணைப்பு உருவாக இது உதவுகிறது, தாயின் மனச்சோர்வில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை, ஆதாரமும் அவ்வளவு வலுவானதில்லை என்பதுதான் அதன் முடிவு. என் அனுபவத்துக்கும் அது ஒத்துப்போகிறது. மாத்திரை எனக்கு, பாய் எங்கள் இருவருக்கும்.

சிகிச்சையை முடிக்கப் போகிறோம் என்பதைத் தெரபிஸ்ட் பல வாரங்கள் முன்பே சொல்லிவிட்டார். கடைசியில் சிஸ்டருக்கு அனுப்பும் கடிதத்தை என்னிடம் காட்டினார். பொது மருத்துவக் கோப்பு பல கைகளுக்குப் போகும், அதனால் அனுப்பும் முன் படித்துப் பார்க்கக் கேளுங்கள். தம்பி பற்றிய பத்தியை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டு, 'குடும்பத்தில் முன்பு நடந்த ஒரு நோய்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.