தகரக் கூரைக்கும் கதவுப் பிணைச்சலுக்கும் ஓர் இம்பாக்ட் ட்ரைவர்

ஆனி, ஆடி மாதங்களில் இலங்கை மலைநாட்டின் ஹப்புத்தளைச் சரிவில் காற்று ஓய்வதில்லை. இரவில் கூரைத் தகரம் படபடவென்று அடிக்கத் தொடங்கினால், எங்கோ ஒரு திருகாணி தளர்ந்துவிட்டது என்று பொருள். விடிந்ததும் ஏணியை எடுத்தாக வேண்டும். அந்த வேலையை நீண்ட காலம் சாதாரண பற்றரி ட்ரில்லை வைத்தே செய்துவந்தேன். திருகாணி இறுகும் கணத்தில் ட்ரில் எதிர்ப்பக்கமாகத் திரும்பி மணிக்கட்டை முறுக்கும். சமதரையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சரிவான முற்றத்தில் கல்லை அண்டக் கொடுத்து நிறுத்திய ஏணியின் உச்சியில் நிற்கும்போது அது ஆபத்து. திருகாணியை அடித்துச் சுழற்றி இறுக்கும் இம்பாக்ட் ட்ரைவர் ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்த ஏணியில் நின்றபோதுதான்.

கருவியின் உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டால் தெரிவு செய்வது எளிதாகும். மோட்டார் ஒரு கனமான சுத்தியல் துண்டைச் சுழற்றுகிறது. சுமை குறைவாக இருக்கும்வரை அது ட்ரில்லைப் போல அமைதியாகவே சுழலும். திருகாணி இறுகியதும் அந்தச் சுத்தியல் சுருள்வில்லை அழுத்திக்கொண்டு பின்வாங்கி, பிடி விட்டவுடன் முன்னே பாய்ந்து, திருகாணித் தலையில் பொருந்தும் முனையான பிட்டைப் பிடித்திருக்கும் தண்டைச் சுழலும் திசையிலேயே அடிக்கிறது. நிமிடத்துக்கு 3,000 அடிகளுக்கு மேல் விழுகின்றன. முறுக்கில் பெரும்பகுதி திருகாணிக்கே போய்விடுவதால் கைக்கு வருவது மெல்லிய அதிர்வு மட்டுமே. ஆனால் சுவரைத் துளைக்கும் ஹேமர் ட்ரில்லின் அடி முன்னோக்கி விழுவது, இதன் அடி சுற்றுவாக்கில் விழுவது. ஆகவே கொங்கிரீட்டில் துளை போட இதை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். அஸ்பெஸ்டஸ் கூரையுள்ள வீட்டார், எந்தக் கருவியாலும் அந்தத் தகட்டைத் துளைக்காமல் இருப்பதே நல்லது; அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

கடைக்குப் போனதும் முதலில் கண்ணில் படுவது முறுக்கு விசையின் எண். மகிட்டாவின் 18 வோல்ட் டிடிடி 152 மாதிரி 165 நியூட்டன் மீற்றர் தரும். பொஷ்ஷின் 12 வோல்ட் ஜிடிஆர் 120 மாதிரி 100 நியூட்டன் மீற்றர் தரும். இரண்டுமே வீட்டுத் தேவையைத் தாண்டியவை. 40 மில்லிமீற்றர் மரத் திருகாணி ஒன்றை இறக்க அதில் சிறு பங்கே போதும். பெரிய எண்ணைத் தேடிப் போவதை விட, கருவியின் விசைப்பொத்தானை மெல்ல அழுத்தும்போது அது எவ்வளவு மெதுவாகச் சுழலத் தொடங்குகிறது என்பதைப் பார்ப்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

அதை நான் கற்றது அம்மாவின் அலுமாரியில். பிணைச்சலின் பித்தளைத் திருகாணியை, கடனாக வாங்கி வந்த இம்பாக்ட் ட்ரைவரின் முழு வேகத்தில் இறக்கினேன். இரண்டு அடி கேட்டது. மூன்றாவதில் தலை கழன்று தரையில் விழுந்து உருண்டது, உடல் பலா மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. அதைத் தோண்டி எடுக்க அரை நாள் பிடித்தது. முன்துளை போட்டு, மூன்று வேக நிலைகள் உள்ள கருவியில் மிகக் குறைந்ததை வைத்திருந்தால் அந்தத் திருகாணி பிழைத்திருக்கும். கூரையிலும் இதே கதைதான். தகரத் திருகாணியின் தலைக்குக் கீழே உள்ள றப்பர் வளையம் தகட்டோடு அமர்ந்து, விளிம்பு சற்றே தெரியும்படி நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு மேசன் அண்ணன் கீழே நின்று, "தம்பி, றப்பர் பிதுங்குனா மழைக்குத் தண்ணி உள்ள வரும்" என்று ஒவ்வொரு திருகாணிக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். பிதுங்கிய வளையம் வெயிலில் வெடித்துவிடும் என்பதால் அவர் சொன்னது முற்றிலும் சரி.

பற்றரி விடயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். 18 வோல்ட் என்பதும் 20 வோல்ட் என்பதும் ஒன்றே: உள்ளே 3.6 வோல்ட் கலங்கள் ஐந்து இருக்கின்றன, முழுதாக ஏற்றியதும் அவை 21 வோல்ட்டைத் தொடும். பெயர் தெரியாத சில பெட்டிகளில் 48, 88 என்று அச்சிட்டிருப்பதை நம்பி விலை கொடுக்க வேண்டாம். உள்ளே பெரும்பாலும் அதே ஐந்து கலங்களே இருக்கும். நான் 18 வோல்ட்டை எடுத்ததற்குக் காரணம் பலம் அல்ல, அதே பற்றரியில் புல்வெட்டியும் கிரைண்டரும் ஓடும் என்பதுதான். பிணைச்சல், தட்டு, திரைச்சீலைக் கம்பி ஆகியவை மட்டுமே வேலை என்றால், ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள 12 வோல்ட் கருவியே கைக்கு இதமானது. 5 அம்பியர் மணி கொள்ளளவுள்ள பற்றரி நீண்ட நேரம் உழைக்கும், ஆனால் ஏணியில் அதன் கனம் தெரியும். கூரைக்கு நான் 2 அம்பியர் மணிப் பற்றரியையே பொருத்துகிறேன். இன்னொன்று, லித்தியம் பற்றரியை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது என்று மகிட்டாவின் கையேடு சொல்கிறது. தை மாதத்தில் நுவரெலியாப் பக்கம் இரவில் புல் வெளுக்கும் அளவுக்குப் பனி விழும் நாட்களில், கொட்டகையில் கிடந்த பற்றரியை வீட்டுக்குள் கொண்டுவந்து சற்று நேரம் வைத்த பிறகே ஏற்ற வேண்டும்.

பிட் வாங்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண பிட் அடியைத் தாங்காமல் நுனி உடையும். இம்பாக்ட்டுக்கென்றே செய்த, இடை மெலிந்த பிட் முறுக்கைச் சற்று வளைந்து வாங்கிக்கொள்ளும். திருகாணித் தலையைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். கூட்டல் குறியின் கைகளுக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள் இருந்தால் அது பொசிட்ரிவ், கோடுகள் இல்லாவிட்டால் பிலிப்ஸ். இரண்டையும் மாற்றிப் போட்டால் பிட் நழுவித் தலை மழுங்கிவிடும். தகரத் திருகாணிக்கு 8 மில்லிமீற்றர் அறுகோணக் குழி பிட் தேவை, காந்தம் உள்ளதாக இருந்தால் திருகாணி ஏணியில் இருந்து கீழே விழாது. சத்தம் பலமாக இருக்கும் என்பதால் காதடைப்பானையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு கிறவிலியா மரக் கட்டையையும் நான்கு திருகாணிகளையும் பையில் கொண்டுபோங்கள். விசைப்பொத்தானை மெல்ல அழுத்தி, தலை மரத்தோடு சமமாக வந்ததும் நிறுத்தப் பாருங்கள். நான்கையும் அப்படி நிறுத்த முடிந்த கருவியைத்தான் நான் வாங்கி வந்தேன்.