படுகளத்து மண்

அம்மாவின் வேண்டுதல் இது. தம்பி டெங்குவில் கிடந்தபோது, "அவன் பிழைச்சு எழுந்தா பெரியவன் தீ மிதிப்பான்" என்று திரௌபதி அம்மனிடம் சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி எழுந்து மூன்று வருடமாகிறது. இந்த வைகாசியில்தான் எனக்குக் காப்புக் கட்ட வாய்த்தது.

செஞ்சிப் பக்கம் அம்மா பிறந்த ஊர். மேலச்சேரியில் ஆதி திரௌபதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஊருக்குள் நுழைந்தால், இரண்டு பேர் குறுக்கே கயிறு கட்டி, வண்டிக்கு 100 ரூபாய் என்றார்கள். ரசீது கேட்டதற்கு முறைப்பு. சரி, அம்மன் பார்த்துக்கொள்வாள்.

ராத்திரி முழுக்கப் பதினெட்டாம் போர் கூத்து. செத்த சேனையை எழுப்ப மந்திரம் சொல்லித் தண்ணீருக்குள் கிடந்த துரியோதனனை, பீமன் ஏசி ஏசியே வெளியே வரவைத்தான். விடிந்ததும் எல்லோரும், மண்ணில் துரியோதனன் உருவம் செய்து கிடத்தியிருந்த படுகளத்துக்கு ஓடினோம்.

11 அக்குரோணி சேனையோடு வந்தவன், பங்காளிச் சண்டையில் தோற்று, மண் உருவாக மல்லாந்து கிடந்தான். விடியற்காலைத் தூறலில் மீசையின் கறுப்பு ஒரு பக்கம் கரைந்து காது வரை வழிந்திருந்தது. அவன் தோளில் சாய்ந்து செல்பி எடுக்கிறார்கள் நம் பிள்ளைகள். என்ன சொல்ல!

கிருஷ்ணர் தொடையைத் தட்டிக் காட்ட, பீமன் அடித்தான். உள்ளே வைத்த சட்டி உடைந்து சிவப்பாகப் பெருகியது. "கோவிந்தா! கோவிந்தா!" அம்மன் கூந்தலை முடித்தாள். கைகூப்ப மறந்து நின்றேன்.

அப்புறம் காந்தாரி வந்தாள். வேஷக்காரர்தான், குரல் ஆண் குரல்தான். ஆனால் அந்த மண் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தபோது என் அம்மா விம்ம ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் தம்பி கட்டிலுக்குக் கீழே, தரையில் உட்கார்ந்து அழுத அதே அழுகை. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்தவள் துரியோதனனுக்கு அழுகிறாளே என்று அப்போது தோன்றவில்லை. நானும் அழுதேன். தாயே, அன்றைக்கு எங்களுக்கு அந்த ஒப்பாரி வைக்காமல் காப்பாற்றினாயே.

சாயங்காலம் தீ மிதித்தேன். சுட்டதா என்று கேட்கிறார்கள். நினைவில்லை. மஞ்சள் தண்ணீரும் அம்மாவின் முகமும்தான் நினைவில் நிற்கின்றன.

படுகளத்து மண்ணுக்கு விழுந்த கூட்டத்தில் முட்டி மோதி, அம்மாவும் ஒரு பிடி முந்தானையில் முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் அதைத் தம்பி நெற்றியில் பூசினார்.

"துரியோதனன் மண்ணையா எனக்குப் பூசுற?"

"காந்தாரியைக் கேளு, சொல்லுவா. பேசாம நில்லுடா."