பார்க்காமல் வாங்கியவரின் உரிமை

இணையத்தில், நேரில் பார்க்காமலேயே நான் வாங்கிய பழைய காரை ஏற்றி வந்த லாரி ஓட்டுநர் என் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, "இங்கே ஒரு கையெழுத்து சார்" என்றார். திரையில் நான்கே வரிகள் இருந்தன. மூன்றாவது வரி, "வாகனத்தை முழுமையாகப் பரிசோதித்து, அதன் நிலையில் மனநிறைவுடன் பெற்றுக்கொண்டேன்" என்றது. அதுவரை நான் செய்திருந்த பரிசோதனை, காரை ஒருமுறை சுற்றி வந்ததும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஏசியைப் போட்டுப் பார்த்ததும்தான். அவருக்கு அடுத்த இடத்துக்குப் போக வேண்டிய அவசரம். எனக்கு வண்டி வாசலுக்கு வந்துவிட்ட மகிழ்ச்சி. விரலால் கிறுக்கிக் கொடுத்துவிட்டேன்.

11 நாள்கள் கழித்து, வெயிலில் நிறுத்தியிருந்த காரின் கதவைத் திறந்தபோது நனைந்த சாக்கின் வாடை அடித்தது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டைப் பிடித்து, அதற்கு மேல் வராது என்னும் அளவுக்கு இழுத்தார். நாம் அன்றாடம் இழுத்து மாட்டும் பகுதி கருப்பாக, சுத்தமாக இருந்தது. எப்போதும் சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி ஒரு முழம் மட்டும் தேநீர் சிந்திய துணியைப் போல் பழுத்திருந்தது. பழுப்பு முடிந்த இடத்தில் கோடு கிழித்தாற்போல் ஒரு விளிம்பு; வண்டி வெள்ளநீரில் நின்றதன் அடையாளம். பிறகு இருக்கைக்கு அடியில் தரைவிரிப்பைத் தூக்கினார். இருக்கை நகரும் தண்டவாளத்தின் திருகுகளில் துருவும், அதைச் சுற்றி மாவு போன்ற வண்டலும் இருந்தன. "இது 11 நாள்ல வந்த துரு இல்ல சார்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என் வழக்கு முழுவதும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் ஏதோ ஓர் உந்துதலில், அதைத் தேதியோடும் கையெழுத்தோடும் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறைந்திருந்த குறையோடு பொருளை விற்பவரைச் சட்டம் கேள்வி கேட்பது புதிய வழக்கமல்ல. பண்டைய ரோமில் சந்தைகளைக் கண்காணித்த ஈடைல் என்னும் அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர் அவற்றின் நோயையும் குறையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார்கள். சொல்லாமல் விற்றால், வாங்கியவர் 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம், அல்லது ஓராண்டுக்குள் விலைக்குறைப்புக் கோரலாம். இந்த மரபின் வழிவந்த பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தில் இன்றும் 1641-ஆம் பிரிவு மறைந்த குறைக்கு விற்பவரைப் பொறுப்பாக்குகிறது. குறையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசமும் உண்டு. ஆங்கிலேயச் சட்டமோ நெடுங்காலம் "வாங்குபவரே விழிப்பாக இருக்கட்டும்" என்ற நிலையில் நின்று, 1893-இன் சரக்கு விற்பனைச் சட்டத்தில்தான் வணிகருக்குச் சில உள்ளார்ந்த கடமைகளை எழுத்தில் வைத்தது. இலங்கையின் 1896-ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சட்டம், மலேசியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய மூன்றும் அதன் குழந்தைகள்தாம். ஆகவே தமிழ் வாசகர் எந்த நாட்டில் இருந்தாலும் நான் இனிச் சொல்லப்போகும் ஒரு வாசகம் ஏறக்குறைய அதே வடிவில் அவருடைய சட்டப் புத்தகத்திலும் இருக்க வாய்ப்புண்டு.

இந்தியச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, ஒரு வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் விவரணையை நம்பி அப்பொருளை வாங்கினால், அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லப்படாத நிபந்தனை என்கிறது. உடனே ஒரு விலக்கும் வைக்கிறது: வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு இந்த நிபந்தனை பொருந்தாது. பழைய கார் வழக்குகள் பலவும் இந்த விலக்கில்தான் வந்து முட்டுகின்றன. "நேரில் வந்தார், ஓட்டிப் பார்த்தார், திருப்தி என்றார், இப்போது குறை சொல்கிறார்" என்பது விற்பவர் வழக்கமாகச் சொல்லும் பதில்.

இணையத்தில் வாங்கியவரிடம் அந்தப் பதில் எடுபடாது. பார்க்காமல் வாங்கிவிட்டோமே என்று வெட்கப்பட்டுக்கொண்டு, உறவினர்களின் ஏளனத்துக்கும் பயந்து, எத்தனையோ பேர் புகார் செய்யாமலேயே இருந்துவிடுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் நிலைமை நேரெதிர். பார்க்காதவர், பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற வாதத்துக்கு அப்பாற்பட்டவர். அவர் நம்பியது விற்பவர் எழுதிய சொற்களையும் போட்ட படங்களையும் மட்டுமே, எனவே அந்தச் சொற்களின் முழு எடையையும் விற்பவரே சுமக்க வேண்டும். அந்த டேப்லெட் திரையில் மூன்றாவது வரி ஏன் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பார்க்காமல் வாங்கியவனை ஒரே கிறுக்கலில் பார்த்து வாங்கியவனாக மாற்றும் வரி அது.

அந்தக் கையெழுத்தால் எல்லாம் போய்விட்டதா என்றால், இல்லை. சட்டம் பேசுவது உண்மையில் நடந்த பரிசோதனையைப் பற்றி; காரைச் சுற்றி ஒரு நடை நடந்தவருக்குத் தரைவிரிப்பின் அடியிலுள்ள வண்டல் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வது கடினம். அதோடு, விவரணையோடு பொருள் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை, அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவில், தனியாக நிற்கிறது. நான் வாங்கிய வண்டியின் விளம்பரத்தில் "விபத்தோ வெள்ளப் பாதிப்போ இல்லாத வண்டி" என்ற சொற்கள் இருந்தன. நான் போய்ப் பார்த்தபோது அந்தப் பக்கம் நீக்கப்பட்டிருந்தது. விற்றுப்போன வண்டியின் விளம்பரத்தை யாரும் வைத்திருப்பதில்லை. ஆனால் வாங்குவதற்கு முன்பு, நிறம் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக அந்தப் பக்கத்தை முழுவதும் படம் பிடித்து என் மனைவிக்கு அனுப்பியிருந்தேன். அவருடைய "சாம்பல் நிறம் வேண்டாமே" என்ற பதிலுக்கு மேலே, தேதியோடும் நேரத்தோடும் என் சாட்சி உட்கார்ந்திருந்தது.

அடுத்த கேள்வி, குறை எப்போது வந்தது என்பது. காரில் குறை இருக்கிறது என்று காட்டுவது எளிது. ஒப்படைத்த நாளிலேயே அது இருந்தது என்று காட்டுவதுதான் பாடு. இந்த மெய்ப்பிக்கும் பொறுப்பை யார் தலையில் வைப்பது என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதலும், பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்திலும், முதல் 6 மாதங்களில் வெளிப்படும் குறை பொதுவாக ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று விற்பவரே நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் முதல் 30 நாள்களுக்குள் நேரடியாகத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு மட்டும் இந்த அனுமானம் உதவாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தக் காலம் 2022 முதல் ஓராண்டாக நீண்டிருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2015-இல் தீர்த்த ஒரு நெதர்லாந்து வழக்கு இங்கே கவனிக்கத் தக்கது. வணிகரிடம் வாங்கிய பழைய கார் ஒன்று, வாங்கி 4 மாதங்களில், ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பற்றி எரிந்தது. மிச்சமும் உடைத்து அழிக்கப்பட்டுவிட்டதால் தீயின் காரணத்தை ஆராய வழியே இல்லாமல் போனது. அப்படியிருந்தும் நீதிமன்றம், வாங்கியவர் குறையின் காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, பொருள் ஒப்பந்தத்தோடு பொருந்தவில்லை என்பதையும் அது உரிய காலத்துக்குள் வெளிப்பட்டது என்பதையும் காட்டினால் போதும் என்றது. இத்தகைய அனுமானம் சட்டத்தில் இல்லாத இடங்களில் அந்த வேலையைச் செய்வது துருவும் தேதிகளும்தான். டயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்கங்கள் அது எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்று சொல்லும். சீட் பெல்ட்டின் அடியிலுள்ள சீட்டும், கண்ணாடியின் மூலையிலுள்ள குறியும் பெரும்பாலும் வண்டியின் வயதையே சொல்லும். சொல்லாவிட்டால் எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஓடோமீட்டரைத் திருத்தியவர்கள், அதே கிலோமீட்டர் கணக்கு வண்டியின் வேறு மின்னணுப் பெட்டிகளிலும் பதிவாகியிருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுவதும் உண்டு.

யாரிடம் வாங்கினோம் என்ற கேள்வி அற்பமாகத் தோன்றும். இணையத்தில் அது அற்பமல்ல. தளம் தானே வண்டியை வாங்கி விற்கிறதா, வேறொரு வணிகருக்கு இடம் மட்டும் கொடுக்கிறதா, தனிநபரின் விளம்பரத்தைத் தாங்கும் பலகை மட்டுமா என்பதைப் பொறுத்து உரிமை மாறும். தனிநபரிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டங்களின் பெரும்பகுதி விலகிக்கொள்ளும். அவர் சொன்னது உண்மையல்ல என்று காட்டும் பாதையே பெரும்பாலும் மிஞ்சும். இதைத் தெரிந்துகொண்டே, வணிகராக இருப்பவர் சிலர் வண்டியைத் "தெரிந்தவருடையது" என்று சொல்லி விற்பார்கள். பெல்ஜியத்தில் ஒரு பழுதுபார்ப்பு நிலையம், தனிநபர் ஒருவரின் காரை, அது தன்னுடையதல்ல என்று தெளிவாகச் சொல்லாமலேயே விற்றது. எஞ்சின் பழுதானபோது, தான் வெறும் இடைத்தரகர் என்றது. வண்டி தனிநபருடையது என்று முறையாகத் தெரிவிக்காத இடைத்தரகரையே விற்பவராகக் கருதலாம் என்று மேற்சொன்ன அதே நீதிமன்றம் 2016-இல் சொன்னது. பணம் யாருடைய கணக்குக்குப் போனது, ரசீதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

உத்தரவாதம் எதுவும் இல்லை என்னும் பொருளில் விற்பவர்கள் எழுதும் "உள்ளது உள்ளபடி" என்ற தொடரைக் கண்டு மிரள்பவர்களுக்கு ஒரு சொல். அமெரிக்காவில் 1985 முதல் பழைய கார் வணிகர்கள் ஒவ்வொரு வண்டியின் மீதும் அது உத்தரவாதத்தோடு விற்கப்படுகிறதா, உள்ளபடியே விற்கப்படுகிறதா என்று தாளில் எழுதி ஒட்ட வேண்டும். மாநிலச் சட்டம் தடுக்காத இடங்களில் அந்தத் தொடருக்கு உண்மையிலேயே வலு உண்டு. பிரிட்டனில் நுகர்வோருக்கு விற்கும் வணிகர் அதைச் சொல்லிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. எங்கானாலும் அது பொதுவாக மௌனத்துக்குத்தான் உதவும். தெரிந்தே சொன்ன பொய்யை அது மூடாது.

எல்லாத் தேய்மானமும் குறையல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டு வயது வண்டியின் பேட்டரி அடுத்த மாதம் இறந்தால் அதற்காக யாரையும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. வயதுக்கும் விலைக்கும் ஓட்டத்துக்கும் ஏற்ற நிலையில் இருக்கிறதா என்பதே அளவுகோல்.

என் விஷயத்தில் நான் செய்த சரியான காரியங்கள் இரண்டுதான். முதலாவது, வண்டியை அன்றே நிறுத்தியது. நியாயமான காலத்துக்கு மேல் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தால், பொருளை ஏற்றுக்கொண்டதாகிவிடும். பிறகு திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், இழப்பீடு கேட்கும் உரிமை மட்டும் நிற்கும். பிரிட்டனின் 30 நாள் உரிமையும் இந்தக் கவலையைச் சுற்றியதே. இரண்டாவது, மெக்கானிக் எவ்வளவு சொல்லியும் தரைவிரிப்பை மாற்றவோ வண்டலைக் கழுவவோ விடாதது. பழுதுபார்த்த குறை, அழிக்கப்பட்ட சாட்சி. விற்பவருக்கு எழுத்தில் அறிவித்து, வந்து பார்க்க 7 நாள் அவகாசம் கொடுத்து, விளம்பரப் படத்தையும் மெக்கானிக்கின் தாளையும் சீட் பெல்ட்டின் படத்தையும் இணைத்து அனுப்பினேன். தொலைபேசியில் மட்டும் பேசியிருந்தால் இன்றும் பேசிக்கொண்டேதான் இருந்திருப்பேன்.

முதல் பதில், எதிர்பார்த்தபடியே, அந்தக் கையெழுத்தைச் சுட்டியது. இரண்டாவது பதில், இலவசமாக உள்பகுதியைச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னது. சட்டப்பிரிவுகளைக் குறிப்பிட்டு மூன்றாவது கடிதம் போன பிறகுதான், நான் ஓட்டிய தூரத்துக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு வண்டியைத் திரும்பப் பெறச் சம்மதித்தார்கள். அந்தக் கழிவு நியாயமானதே. பிரிட்டனின் சட்டம்கூட மற்றப் பொருள்களுக்கு முதல் 6 மாதத்தில் அனுமதிக்காத பயன்பாட்டுக் கழிவை மோட்டார் வாகனங்களுக்கு மட்டும் அனுமதிக்கிறது. அவர்கள் இணங்காவிட்டால் நுகர்வோர் மன்றம்தான் அடுத்த படி. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள், வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரிலேயே முறையிடலாம் என்பது இணையத்தில் தொலைவிலிருந்து வாங்கியவருக்குப் பெரிய ஆறுதல். 2020-இன் மின்வணிக விதிகளும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் தளங்களுக்குச் சொல்கின்றன.

வண்டியைத் திரும்ப எடுக்க அதே லாரிதான் வந்தது, ஓட்டுநரும் அவரே. இம்முறை அவர் டேப்லெட்டை என்னிடம் நீட்டவில்லை. நான்கு கதவுகளையும் திறந்து, ஒவ்வொரு கீறலையும், ஸ்டெப்னி கிடக்கும் குழியையும், ஓடோமீட்டரையும் படம் எடுத்து, குனிந்து அடிப்பகுதியையும் டார்ச் அடித்துப் பார்த்தார். முழுதாக 25 நிமிடங்கள் ஆயின. கொண்டுவந்த அன்று ஏன் இதைச் செய்யவில்லை என்று கேட்டேன். "எடுக்கும்போதுதான் சார் செக் பண்ணச் சொல்லியிருக்காங்க" என்றார்.