மாசி வீதிகளில் ஒரு சனி, ஞாயிறு

கோயம்புத்தூர்க்காரர்கள் சனி, ஞாயிறு லீவு கிடைத்தால் ஊட்டி, வால்பாறை, அதை விட்டால் கேரளா என்றுதான் யோசிப்போம். இன்னொரு நகரத்தில் போய் ரெண்டு நாள் சுற்றலாம் என்று பெரும்பாலும் தோன்றாது. நானும் அக்காவும் இந்தத் தடவை மதுரைக்குப் போனோம். வேண்டுதல் இல்லை, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்தும் இல்லை. ஊரைப் பார்ப்பதற்கென்றே போனோம்.

சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக ஆரப்பாளையத்தில் இறக்கிவிடுகிறார்கள். இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த உடம்புக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான். பகலில் மதுரையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காலை ஒன்பதுக்கு முன்னால், இல்லையென்றால் சாயங்காலம் ஐந்துக்கு அப்புறம்.

மதுரையில் வழி கேட்கவே வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு முதலில் பிடித்தது. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கு வெளியே மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு கோபுரம் கண்ணில் படும், அதை வைத்தே திசை தெரிந்துவிடும். இந்த வெளி வீதிகள் இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் சுவரை இடிக்கச் செய்து, அகழியை மேடாக்கி, ஊரை வெளியே பரவவிட்டார். விளக்குத்தூண் அவர் நினைவாக வைத்ததுதான். அதன் பக்கத்தில் நின்று ஜிகர்தண்டா குடிக்கிறவர்களில் எத்தனை பேர் அந்தத் தூணை நிமிர்ந்து பார்க்கிறார்களோ!

எங்கள் ஊர் வளர்ந்த விதமே வேறு. 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, 1930களில் பைகாரா மின்சாரம் வந்தது, அதற்கப்புறம் மில்லுக்கு மேல் மில்லாக வந்து அவினாசி ரோடு, திருச்சி ரோடு என்று ரோட்டைப் பிடித்துக்கொண்டே ஊர் நீண்டது. அதனால் கோவையில் எங்கே போவதென்றாலும் வண்டி வேண்டும். அவினாசி ரோட்டில் 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டியிருக்கிறோம், எனக்கும் அதில் பெருமைதான், ஆனால் அது ஊரை வேகமாகக் கடப்பதற்கான பாலம். எங்களுக்கும் ராஜ வீதி இருக்கிறது, மாசி மாதம் கோனியம்மன் தேர் வரும்போது அங்கே வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனங்கள் நடக்கிறார்கள். மதுரையில் சித்திரை வீதிகளில் அது தினமும் நடக்கிறது. சாயங்காலமானால் பாட்டிமார் கல்தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன, நடுவில் வண்டி வருமோ என்ற பயமே கிடையாது. எனக்கு நிஜமாகவே பொறாமையாக இருந்தது.

இரவு பள்ளியறை பூஜைக்குப் போனோம். போனை வெளியிலேயே கொடுத்துவிட வேண்டும், அதுவே நல்லதுதான், எல்லார் கையும் கும்பிடுவதற்குக் காலியாக இருந்தது. சுந்தரேசுவரர் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்குப் போகிறார், நாகஸ்வரக்காரர் முன்னால் நடக்கிறார். திருவிழாவுக்காக இல்லை, தினமும் இப்படித்தான்.

வெளியே வந்து மேல மாசி வீதிப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் இட்லி சாப்பிட்டோம். மணி 11:30 இருக்கும். சட்னி ஊற்றிக்கொண்டே அந்தப் பெரியவர் அக்காவிடம், "எந்த ஊரு தாயி?" என்றார். "கோயம்புத்தூருங்கண்ணா." "அங்க இந்நேரத்துக்குக் கடை இருக்குமா?" "காந்திபுரத்துல இருக்குமுங்க, எங்க வடவள்ளிப் பக்கம் எல்லாம் சாத்திருப்பாங்க." அவர் அதை நம்பாத மாதிரி இன்னும் ரெண்டு இட்லி வைத்தார். சாம்பாரில் எங்கள் ஊரை யாரும் மிஞ்ச முடியாது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் காரச் சட்னி மதுரைதான். அந்த நேரத்துக்கும் ஒரு வண்டியில் பருத்திப்பால் சூடாக இருந்தது, சுக்கு வாசனையோடு.

ஞாயிறு காலையில் திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டியது. இப்போது நிற்பது மொத்தத்தில் ஒரு பகுதிதான், மீதியைப் பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனதாகச் சொல்கிறார்கள். மிச்சமே இவ்வளவு என்றால் என்று நினைத்துக்கொண்டே தூண்களை அண்ணாந்து பார்த்தோம். கை எட்டுகிற உயரம் முழுக்கக் காதலர்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்கத்தான் மனசு வலித்தது.

அப்புறம் வண்டியூர் தெப்பக்குளம். பல வருடங்கள் வறண்டு, பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடிய குளம். இப்போது பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் விட்டு நிரப்புகிறார்கள். எங்கள் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் நடைபாதையும் விளக்கும் அழகாகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் சாக்கடை கலப்பது முழுசாக நிற்கவில்லை. வைகையும் நொய்யலும் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை, ரெண்டையும் நாம் நன்றாக வைத்துக்கொள்ளவில்லை.

கீழடிக்குப் போக நேரம் போதவில்லை. 2023இல் திறந்த அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது, ஊரிலிருந்து 12 கிலோமீட்டர்தான், அதற்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். கோவையிலிருந்து போகிறவர்கள் வெள்ளி ராத்திரியே கிளம்பிவிடுங்கள், காரை வீட்டில் விட்டுவிடுங்கள். ரூமை மாட்டுத்தாவணிப் பக்கம் போடாமல் டவுன்ஹால் ரோட்டிலோ மாசி வீதிகளுக்குள்ளோ போட்டால், கோயில், மகால், சாப்பாடு எல்லாமே நடக்கிற தூரத்தில் முடிந்துவிடும்.