ஒரு தோட்டாவுக்கு எத்தனை பகடை?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் கேம்களுக்கு விதி எழுதுவதும், எழுதியதை நாலு பேரை வைத்து ஆடிப் பார்ப்பதும் என் தொழில். இதற்கெல்லாம் காசு தருவார்களா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். தருகிறார்கள், அதிகமில்லை. அமெரிக்காவின் பழைய மேற்குப் பகுதியில் நடக்கும் ஆட்டம் ஒன்றுக்குத் துப்பாக்கிச் சண்டை விதிகள் கேட்டார்கள். நிபந்தனை இரண்டு: நிஜம் போல இருக்க வேண்டும், சீக்கிரம் முடிய வேண்டும்.

ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்பதுதான் எங்கள் வட்டாரத்தில் வழக்கமான பேச்சு. 1986இல் வந்த 'ஃபீனிக்ஸ் கமாண்ட்' ஆட்டத்தின் விதிப் புத்தகம் இரண்டு விநாடியை நாலாக வெட்டி, ஒவ்வொரு அரை விநாடிக்கும் கணக்குக் கேட்கும். குண்டு எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் போனது என எல்லாவற்றுக்கும் அட்டவணை. அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆடச் சொன்னால் மட்டும் ஓடிவிடுவேன்.

எங்கள் முதல் வரைவும் அந்த ரகம்தான். ஷெரீஃபாக ஆடியவர் "சுடுறேன்" என்றார். பட்டதா என்று ஒரு பகடை, எந்த இடம் என்று ஒன்று, எலும்பா சதையா என்று ஒன்று, காயம் எவ்வளவு, அதிர்ச்சியில் விழுவானா என்று இன்னும் இரண்டு. கடைசியில் இடது முன்கையில் ஒரு சிராய்ப்பு. அதற்குள் எதிரே இருந்தவர் தன் பகடைகளை அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார். பத்து முகப் பகடை மேல் எதுவும் லேசில் நிற்காது என்பதால் மும்முரமாக வேறு இருந்தார்.

1881 அக்டோபர் 26 அன்று அரிசோனாவின் டூம்ஸ்டோனில் காவலர்களுக்கும் கௌபாய் கும்பலுக்கும் நடந்த ஓ.கே. கொரால் சண்டை சுமார் 30 விநாடிதான். ஏறக்குறைய 30 குண்டுகள், தொடக்கத்தில் சில அடி தூரம். மூன்று பேர் செத்தார்கள், மூன்று பேருக்குக் காயம், காவலர் பக்கம் நின்ற வையட் எர்ப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே யாருக்கும் யோசிக்க நேரமில்லை. ஒரு குண்டுக்குப் பத்து நிமிடம் எடுக்கும் விதி எத்தனை அட்டவணை வைத்திருந்தாலும் அந்தச் சண்டையைக் காட்டாது.

சரி, பட்டால் செத்தான் என்று வைத்துவிடலாமா? 1986 ஏப்ரல் 11 மயாமித் துப்பாக்கிச் சண்டை குறுக்கே வருகிறது. எஃப்.பி.ஐ. ஏஜென்ட் சுட்ட குண்டு, கொள்ளைக்காரன் மைக்கேல் பிளாட்டின் கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்தைத் தொடாமல் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு ஏஜென்டுகள் இறந்தார்கள்.

'டெல்டா கிரீன்' ஆட்டத்தில் இயந்திரத் துப்பாக்கி போன்றவற்றுக்கு உள்ள விதி இந்த இடத்தில் எனக்குப் பிடிக்கும். குண்டு பட்டுவிட்டால், பத்து முகப் பகடை இரண்டை உருட்டி நூறுக்குள் ஓர் எண் எடுக்க வேண்டும். குறித்த எண்ணுக்குள் விழுந்தால் ஆள் காலி. தாண்டினால் அதே இரண்டு பகடையையும் கூட்டி, அதுதான் காயம். காயத்துக்கென்று தனியாக இன்னொரு உருட்டு கிடையாது.

நாங்கள் உடலுறுப்பு அட்டவணையைத் தூக்கிவிட்டு, நுணுக்கத்தையெல்லாம் விசையை அழுத்துவதற்கு முன்னால் கொண்டுவந்தோம். அந்தக் காலத்துக் கோல்ட் ரிவால்வரில் குண்டு போடும் அறை ஆறு. பாதுகாப்புக்காகப் பலர் ஐந்தில்தான் குண்டு போட்டார்கள். ஆறாவதையும் நிரப்பிக்கொள்ளலாமா என்பதை ஆடுபவரே முடிவு செய்யட்டும், கீழே விழுந்தால் தானாக வெடிக்கும் அபாயத்தோடு. குண்டுக்கு ஒரு பாசிமணியாக முன்னால் வைத்து, ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒன்றைத் தள்ளினால் போதும். மறுபடி நிரப்புவது ஒவ்வொன்றாகத்தான். கரும்புகை கக்கும் வெடிமருந்து என்பதால் மூடிய வீட்டுக்குள் மூன்று முறை சுட்டதும் எல்லோருக்கும் குறி கெடும். இதில் எதற்கும் கூடுதல் பகடை இல்லை. பாசிமணிகள் இரண்டாகக் குறைந்ததும் மேசையில் பேச்சு தானாகக் குறைந்தது.

குழுவில் வரலாற்றுப் பைத்தியம் ஒருவர் இருக்கிறார். "தோளா தொடையான்னு தெரியாம எப்படிக் கதை சொல்றது?" என்று இன்னமும் சண்டை போடுகிறார். அவருக்காக அட்டவணையைப் பின்னிணைப்பில் வைத்திருக்கிறோம். அப்புறம் ஷாட்கன், ஓ.கே. கொராலில் வையட் எர்ப் பக்கம் நின்ற டாக் ஹாலிடே கையில் அன்று இருந்தது. எங்கள் விதியில் அது ஒன்று பீரங்கி ஆகிறது, இல்லை பொம்மை ஆகிறது. அடுத்த சனிக்கிழமை அதைத்தான் மேசைக்கு எடுத்துவரப் போகிறோம்.