செக் வழக்கு எத்தனை மாதம் இழுக்கும்? கணக்கு தப்பும் இடங்கள்

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் செக் பவுன்ஸ் வழக்கு எவ்வளவு நாள் இழுக்கும் என்று பார்க்க, பலரும் கோர்ட் வழக்கு விவரம் தரும் இ-கோர்ட்ஸ் தளத்திலிருந்து முடிந்த வழக்குகளை மட்டும் எடுத்துக் கூட்டி வகுத்துவிடுகிறார்கள். கோளாறே அங்கேதான். 2022-ல் தாக்கலான 10 வழக்கில் 6 முடிந்து 4 நிலுவையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இழுத்துக்கொண்டிருக்கும் அந்த 4-ஐ விட்டால் விடை குறைந்துதான் வரும். தாக்கல் ஆண்டை வைத்து எல்லாவற்றையும் எடுங்கள். நிலுவை வழக்குக்கு 'இன்றுவரை இத்தனை நாள், முடியவில்லை' என்று குறித்து, முடியாத வழக்கையும் கணக்கில் சேர்க்கும் கப்லான்-மேயர் என்ற புள்ளியியல் முறையில் இடைநிலை நாளை, அதாவது பாதி வழக்கு முடிய ஆகும் நாளை, காணுங்கள். செக் வழக்குக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 143-ஆம் பிரிவு சொல்லும் 6 மாதத்தோடு அதைத்தான் ஒப்பிட வேண்டும். சராசரி வேண்டாம், பத்து வருஷமாகக் கிடக்கும் ஒரே வழக்கு அதைத் தூக்கிவிடும்.

வேலூருக்கென்று தனித் தொல்லை ஒன்று: 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாகிவிட்டன. மாவட்டப் பெயரை மட்டும் நம்பி ஆண்டுகளை ஒப்பிட்டால், வழக்கு குறைந்ததுபோல் தோன்றும். மாற்றலான வழக்கைத் தீர்ப்பான வழக்கோடு சேர்க்காதீர்கள்.

எக்செல் வேறு படுத்தும். 05-08-2021 சத்தமில்லாமல் மே 8 ஆகிவிடும். தீர்ப்புத் தேதியிலிருந்து தாக்கல் தேதியைக் கழித்து, மைனஸ் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.