நோட்டில் ஆட்டுக்கு ஒரு கட்டம்

நவம்பர் 26, 2024, செவ்வாய்

காலையில் பரணிலிருந்து கயிறுகளை இறக்கினேன். மூன்று சுருள். ஒவ்வொரு சாணாக விரலால் உருவிப் பார்ப்பது பெங்களூரில், அல்சூர் ஏரிக்கரையில் பழகியது. 1973-ல் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தபோது எனக்கு வயது 19. துப்பாக்கிக்கு முன்னால் முடிச்சுதான் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொன்னால் பேரன் நம்புவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீருக்குள் கையை விட்டு முடிச்சுப் போட வேண்டும். வடநாட்டுக்காரர்கள் எங்கள் எல்லோரையும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெறும்போது சுபேதார், அப்போதும் தம்பிதான்.

வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாம். அதற்கு முன்பே கடலூர்ப் பக்கத்துத் தாழங்குடாவில் படகுகளை மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள்.

நவம்பர் 28, வியாழன்

புயலாக மாறாமலே கரையைக் கடக்கும் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஊர் மீட்புக் குழுப் பையன்களைப் புயல் பாதுகாப்பு மையத்துக்கு வரச் சொல்லியிருந்தேன், பதினொருவர் வந்தார்கள். காலிக் குடங்களை மூங்கிலில் கட்டித் தெப்பம் செய்தோம். வாயை இறுக்கி மூடிய 15 லிட்டர்க் குடம் ஒன்று ஏறக்குறைய 15 கிலோவைத் தாங்கும். ஒருவனின் தலையை நீருக்கு மேலே நிறுத்த ஆறேழு கிலோ மிதப்பே போதும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, குளத்தில் இறக்கிக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

இடைவேளையில் ஒருவன், "தாத்தா, மிலிட்டரியில் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்றான். பெய்லி பாலத்தைப் பற்றிச் சொன்னேன். இரண்டாம் உலகப் போரில் டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது, பேனல் என்னும் இரும்புச் சட்டங்களைக் கோத்துக் கட்டுவது. ஒரு பேனல் 10 அடி நீளம், கிட்டத்தட்ட 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும், கிரேன் கிடையாது. அக்கரையில் ஓர் ஆள்கூட இல்லாமல் இக்கரையிலிருந்தே பாலத்தைத் தள்ளிவிடலாம். முன்னால் எடை குறைந்த மூக்கு, பின்னால் பாலத்தின் கனம். உருளைகளின் மேல் தள்ளும்போது கனம் இக்கரைப் பக்கம் கூடுதலாக இருக்கும்வரை மூக்கு ஆற்றில் சாயாது. தீப்பெட்டிகளை அடுக்கிக் காட்டினேன். இரண்டாவது முறை ஒரு பெட்டி முன்னே போய்க் கவிழ்ந்தது. "இதுதான் பிழை" என்றேன், பையன்கள் சிரித்தார்கள். எங்கள் காலத்தில் அந்தப் பிழைக்குச் சிரிப்பு கிடைக்காது.

யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தீர்களா என்றும் கேட்டான். போயிருந்தேன். அதை இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

நவம்பர் 30, சனி

நேற்றுப் பிற்பகல் புயலாகிவிட்டது. ஃபெஞ்சல் என்று பெயர். இன்று மாலை புதுச்சேரி அருகே கரையைக் கடக்கத் தொடங்கியது. காற்று 2011 அளவுக்கு இல்லை. மழைதான் விடவில்லை. மின்சாரம் போய்விட்டது, டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

2011 என்றதும் எழுதியே ஆக வேண்டும். டிசம்பர் 30 அதிகாலை, தானே புயல். சுனாமிக்குப் பிறகு மீட்புக் குழு அமைத்தபோது எங்கள் பகுதிக்கு என்னைத் தலைவனாக்கியிருந்தார்கள். திறமைக்காக அல்ல, ஊரில் கயிறும் விசிலும் வைத்திருந்தவன் நான்தான். பட்டாளத்தில் "தூக்கு" என்றால் ஆறு பேரும் ஒரே மூச்சில் தூக்குவார்கள். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு வாசலிலும் "கிளம்பு" என்றேன். கிளம்பினார்கள், என் குரலுக்குப் பயந்து. ஒரு வீட்டுக்காரன் ஆட்டைக் கொட்டிலில் கட்டிவிட்டு வந்திருந்தான். நள்ளிரவு தாண்டி, யாரிடமும் சொல்லாமல் அவிழ்த்துவிடப் போனான். முருங்கை மரம் சாய்ந்து முழங்கால் போயிற்று. இன்றும் விந்தி விந்திதான் நடக்கிறான். ஆட்டைக் கட்டிவிட்டு வந்தது அவன். ஆடு உண்டா என்று கேட்காமல் அவனைக் கிளப்பியது நான்.

அதன்பின் என் நோட்டில் தலைகள், நடக்க முடியாதவர், கர்ப்பிணி, மாத்திரை என்ற கட்டங்களோடு ஆடு, மாடு என்று இரண்டு கட்டங்கள் சேர்ந்தன. ஓர் அதிகாரி அதைப் பார்த்து, இது கால்நடைக் கணக்கெடுப்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியிருக்கிறது. கிருஷ்ணா நகரில் ராணுவமே படகோடு இறங்கியிருக்கிறது. மகள் அங்கே பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். மாடியில் பத்திரமாக இருப்பதாகத் தகவல். வேறொன்றும் எழுத நேரமில்லை.

டிசம்பர் 2, திங்கள், இரவு

சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டார்கள். பெண்ணையாறு கரை மீறிவிட்டது. நாணமேடு, உச்சிமேடு, குண்டு உப்பலவாடி எல்லாப் பக்கமும் தண்ணீர்.

இந்த முறை நான் "கிளம்பு" என்று சொல்லவே இல்லை. வாசலில் நின்று, "ஆட்டை எங்கே கட்டப் போகிறாய்?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினாலே பாதிப் பயணம் முடிந்தது. ஒரு கிழவி மட்டும் "நீ போ சாமி, நான் சுனாமியையே பார்த்தவள்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய ரேஷன் கார்டை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அட்டை போகிற இடத்துக்கு அவளும் வந்தாள். சட்டப் புத்தகத்தில் இந்த வழி இல்லை. 1968-ன் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் எதிரித் தாக்குதலை மனத்தில் வைத்து எழுதியது. பேரிடரை அதற்குள் கொண்டுவந்ததே 2009-ன் திருத்தம்தான்.

மையத்தில் எண்ணினேன். 61 வர வேண்டும், 60 இருந்தது. மறுபடி எண்ணினேன், என்னையும் சேர்த்துத்தான் எண்ணினேன், பரமார்த்த குருவின் சீடன் அல்ல நான். 60. பையன்கள் இருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மறுமுனை என் கையில். தண்ணீர் இழுக்கிற இழுப்பு உள்ளங்கையில் தெரிந்தது. ஏரிக்கரை மேட்டில், இருட்டில், ஐந்து ஆடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான் அந்த முருங்கை மரத்துக்காரன்.

"சொல்லிவிட்டு வரக் கூடாதா?" என்று கத்தினேன்.

"உங்கள் நோட்டில் ஆட்டுக்குக் கட்டம் இருக்கிறதே ஐயா. ஆட்டோடு இருக்கிற ஆளுக்குக் கட்டம் எங்கே?"

பதில் சொல்லத் தோன்றவில்லை. அவனுக்கு ஒரு சாக்கும் பொட்டலச் சோறும் கொடுத்தனுப்பினேன். மேடு உயரம்தான், அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். 61.

டிசம்பர் 3, செவ்வாய்

திருவண்ணாமலைப் பக்கம் அகரம்பள்ளிப்பட்டில் மூன்று மாதத்துக்கு முன் திறந்த உயர்மட்டப் பாலம் பெண்ணையில் போய்விட்டதாகச் செய்தி. டீக்கடையில் எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், பாலம் கட்டியவன் என்பதால். அந்தப் பாலத்தை நான் பார்த்ததில்லை, அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பொதுவாக ஒன்று சொன்னேன்: வெள்ளம் பாலத்தை நெஞ்சில் அடித்துத் தள்ளுவது குறைவு. தூணைச் சுற்றிச் சுழன்று, காலடி மண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகும். தண்ணீர் வடிந்த பிறகுதான் குழி தெரியும். அதற்குள் மணல் வந்து அந்தக் குழியையும் மூடியிருக்கும்.

டிசம்பர் 6, வெள்ளி

ஊர்க்காவல் படை, குடிமைப் பாதுகாப்பு நாள். 1946-ல் இதே தேதியில் பம்பாயில்தான் ஊர்க்காவல் படை தொடங்கியது. எங்கேயோ அணிவகுப்பு நடந்திருக்கும். நான் முற்றத்தில் கயிறு அலசினேன். சேறு போகப் போக, 30 மீட்டர்ச் சுருளில் ஓர் இடத்தில் விரல் நின்றது. ஒரு இழை அறுந்திருந்தது, பையன்கள் போன அன்று ஏதோ தகரத்தில் உரசியிருக்க வேண்டும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்தேன். முனைகளை மெழுகுவத்தியில் உருக்கி மூடினேன்.

நோட்டில் கயிறு 30 என்பதை அடித்து 26 என்று எழுதினேன். பக்கத்திலேயே கோடு இழுத்துப் புதுக் கட்டம் ஒன்று: ஆட்டோடு இருப்பவர்.